கேட்டில் கட்டிய வெள்ளைத் துண்டு

எங்கள் பிட்ச்ஃபோர்க் சாலையில் மே மாதம் பிறந்தால் போதும், வெல்டா ப்ரூஸ்டர் ஒரு நீளக் குச்சியோடு வீடு வீடாகக் கிளம்பிவிடுவாள். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் பைன் மரத்து ஊசி இலைகள் அடைத்திருக்கின்றனவா என்று குத்திப் பார்ப்பதற்குத்தான் குச்சி. காட்டுத்தீக் காலத்தில் ஒரு பொறிக்கு அந்தச் சருகு போதும். அடைத்திருந்தால் அதே குச்சியால் நம்மையும் குத்துவாள். கதை விடவில்லை. என் விலாவைக் கேட்டுப் பாருங்கள்.

நேரில் பார்த்தால் "மிஸ் வெல்டா", "வாங்க", "போங்க" எல்லாம் உண்டு. முதுகுக்குப் பின்னால் அவள், இவள்தான். எழுபத்தைந்து வயதில் ஒரு மலையையே ஆட்டிப் படைக்கிற பொம்பளைக்கு அந்த மரியாதை போதும்.

இந்த மலைக்கு இருப்பது ஒரே ஒரு சாலை. மேலே போனால் முட்டுச்சந்து, கீழே போனால் ஊர். அந்தச் சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் வெல்டா. இன்றைக்கு இங்கே தொப்பையும் வழுக்கையுமாக வீடு கட்டிக்கொண்டு திரிகிற பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் மூக்கு ஒழுகப் போனவர்கள்தான். அவள் யாரையும் மறப்பதில்லை. அவரவர் பஸ்ஸில் பண்ணிய அட்டூழியத்தை வைத்து ஞாபகம் வைத்திருக்கிறாள். நான் ஏழு வயதில் பூசணி கேக்கைத் தின்றுவிட்டு அவள் முதுகில் வாந்தியெடுத்தவன். இப்போது ஐம்பத்தெட்டு வயது, கழிவுநீர்த் தொட்டி தோண்டுகிற சொந்தத் தொழில், என் பெயர் எழுதிய லாரி, எல்லாம் இருக்கிறது. அவளுக்கு நான் இன்னும் அந்த வாந்திப் பையன்தான்.

"டென்னி, வராண்டாவுல மெத்தை போட்ட நாற்காலி வச்சிருக்கியே, யாருக்கு? நெருப்பு வந்து உக்கார்றதுக்கா?"

"நான் உக்கார்றதுக்கு மிஸ் வெல்டா."

"நீ தரையில குந்து. ஒரு பொறி பறந்து வந்தா முதல்ல இந்த மெத்தையிலதான் கால் நீட்டிப் படுக்கும். எடுத்து உள்ள போடு. அந்த விறகு அடுக்கு ஏன் சுவத்தோட ஒட்டி நிக்குது? குளிருதா அதுக்கு?"

இப்படித்தான் இருக்கும் அவள் சோதனை. கார் எப்போதும் மூக்கு சாலையைப் பார்க்க நிற்க வேண்டும். கரண்டு போனால் கராஜ் கதவு தானாகத் திறக்காது. அப்போது மேலே தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்க வேண்டும். அதை எல்லோரும் அவள் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். என் மனைவி ராக்ஸி செய்து காட்டியபோது நகம் உடைந்தது. அன்றைக்கு அவள் வாயில் வந்த வார்த்தைகளை எழுதினால் இந்தத் தாளே பற்றிக்கொள்ளும்.

அப்புறம் புகை அறை. வீட்டில் ஒரு அறையைப் புகை வரும்போது அடைந்துகொள்வதற்கு ஒதுக்கிவிட வேண்டும். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்ட வேண்டும். ஒரு சதுர மின்விசிறியைச் சுற்றி நாலு பக்கமும் காற்று வடிகட்டும் அட்டைகளை நிறுத்தி டேப் போட்டுப் பெட்டி மாதிரி செய்து, நடு அறையில் ஓட விட வேண்டும். ராக்ஸி செய்தது கல்யாணப் பரிசு மாதிரி நறுவிசாக இருந்தது. நான் செய்ததை வெல்டா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இதைப் பாத்தா புகையே பரிதாபப்பட்டுத் திரும்பிப் போயிடும்டா" என்றாள்.

ஆனால் அவள் போட்ட சட்டங்களிலேயே பெரியது "ஒரு வீடு, ஒரு கார்". அதற்குக் காரணம் நாங்கள்தான். முன்பு ஒரு தரம் தீ வந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். எங்கள் மக்களுக்கு வண்டி என்றால் உயிர். உயிரை விட்டாலும் விடுவார்களே தவிர வண்டியை விடமாட்டார்கள். புருஷன் ஒரு லாரி, பெண்டாட்டி ஒரு கார், பிள்ளை ஒரு ஜீப், ஜீப்புக்குப் பின்னால் படகு. தீக்குப் பயந்து ஓடுகிறவனுக்குப் படகு எதற்கு என்று கேட்காதீர்கள், படகு கொண்டுவந்தவன் நான்தான். வளைவில் அது குறுக்கே திரும்பிக்கொண்டது. மொத்தச் சாலையும் எனக்குப் பின்னால் நின்றது. அன்றைக்குக் காற்று திசை மாறியதால் பிழைத்தோம். மறு வாரமே வெல்டா பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய ஒரு பழைய மஞ்சள் பஸ்ஸை ஏலத்தில் எடுத்தாள், பின்பாதி சீட்டுகளைப் பிடுங்கி எறிந்தாள், எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இனிமே ஆளும் நாயும் கார்ல. மத்தது வீட்டுக்கு ஒரு பெட்டி, அது என் பஸ்ல. கிளம்புறவன் கேட்டை அகலத் திறந்து போட்டுட்டு, கேட்டுல ஒரு வெள்ளைத் துண்டு கட்டிட்டுப் போகணும். துண்டு இருந்தா வீடு காலின்னு அர்த்தம். தீயணைக்க வர்றவன் உள்ள ஆள் தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். எல்லா கேட்டுலயும் துண்டைப் பாத்துட்டுத்தான் நான் கடைசியா இறங்குவேன்."

"ஒருத்தன் கட்டலைன்னா?" என்று கேட்டாள் ராக்ஸி.

"போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். அதுவரைக்கும் இறங்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரிக்காதவன் ஹார்லன் ஒருத்தன்தான். அவள் சொன்னால் செய்வாள் என்பது எங்களைவிட அவனுக்குத் தெரியும், அவளோடு குடித்தனம் நடத்தியவன் ஆயிற்றே.

ஹார்லன் அவளுடைய முன்னாள் புருஷன். சாலையின் உச்சியில், கடைசி வீடு. இவள் வீடு நடுவில். இரண்டு பேருக்கும் வெஸ்லி என்று ஒரே பையன். பத்தொன்பது வயதில் மரம் வெட்டப் போன இடத்தில் மரம் விழுந்து செத்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு வருஷத்தில் விவாகரத்து. முப்பது வருஷம் ஆகப் போகிறது, இருவரும் ஒரே சாலையில்தான் இருந்தார்கள், திட்டிக்கொள்வதற்கு மட்டும் வாயைத் திறந்தார்கள். பையன் பெயரை அவளும் எடுக்கமாட்டாள், அவனும் எடுக்கமாட்டான். நாங்களும் எடுக்கமாட்டோம்.

ஹார்லனிடம் இருந்தது ஒரு கோவேறு கழுதை. பெயர் செனட்டர், மேல்சபை அரசியல்வாதி மாதிரி. ஒரு வேலையும் செய்யாது, தீனிக்கு மட்டும் முதல் ஆளாக நிற்கும், தூக்கத்தில் கத்தும். வெஸ்லி குட்டியாக வாங்கி வந்து, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. முப்பது தாண்டிய கிழம். ஹார்லன் வீட்டுக்குச் சோதனைக்குப் போனால் வெல்டா அதன் பக்கம் திரும்பக்கூடமாட்டாள்.

"யோவ், அந்தக் கழுதையை டிரெய்லர்ல ஏத்திப் பழக்கு. தீ வந்தப்புறம் அது உன்கிட்ட நல்ல நாள் பாத்துக்கிட்டு நிக்கும்."

"அவன் டிரெய்லர்ல ஏற மாட்டான். இருட்டு பிடிக்காது."

"அதான் சொல்றேன், பழக்குன்னு."

"உன்னையே பழக்க முடியல என்னால. போடி."

இந்த ஆகஸ்டில் தீ வந்தது. முதலில் புகைதான். நாலு மலை தாண்டி எங்கேயோ எரிகிறது என்றார்கள். சூரியன் பகலெல்லாம் சிவப்பாக ஒரு மூலையில் கிடந்தது. கோழிகள் மத்தியானத்திலேயே அடைந்துவிட்டன. காரைத் துடைத்தால் சாம்பல், துடைத்துத் திரும்பினால் மறுபடி சாம்பல். நானும் ராக்ஸியும் இரண்டு நாய்களும் புகை அறையில் அடைந்து கிடந்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒரே அறையில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. சீட்டாடி, சண்டை போட்டு, நாயின் நாற்றத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு முடித்தபோதும் தொண்டையில் கரகரப்பே இல்லை. அந்தக் கிழவி சொன்ன மின்விசிறி வேலை செய்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு காலையில் எல்லாப் போனும் சேர்ந்து அலறின. தயாராக இருங்கள் என்று எச்சரிக்கை. அரை மணியில் மஞ்சள் பஸ் வாசலில் நின்றது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியை அவளே முன்கூட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள். எங்கள் பெட்டியில் ராக்ஸியின் அம்மா கையால் தைத்த போர்வை ஒன்று, அதன்மேல் பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங் ஆட்டத்தில் நான் ஜெயித்த கோப்பைகள். வெல்டா மூடியைத் திறந்தாள், கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள், மூடியை மூடினாள்.

"மிஸ் வெல்டா, அது மாவட்ட அளவுல..."

"நெருப்புக்குக் காட்டு, கைதட்டும்."

ஹார்லன் பெட்டி கொடுக்கவில்லை. போனில் கூப்பிட்டதற்கு "நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டானாம். வெல்டா போனைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் அந்த மலை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கவலை என்னவென்று சாலைக்கே தெரியும். அவன் இறங்கவில்லை என்றால் இவள் இறங்கமாட்டாள்.

மறுநாள் மத்தியானம் உத்தரவே வந்துவிட்டது. இப்போதே கிளம்புங்கள். ராக்ஸி காரை எடுத்தாள், நாய்களை ஏற்றினாள், நானும் ஏறி பெல்ட்டைப் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"டென்னி! இறங்கு! கேட் பாக்க ஒரு ஆளு வேணும்!"

ராக்ஸி என்னைத் தடுப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "போயேன். நாய்க்கும் உக்கார இடம் வேணும்ல" என்றாள். இருபத்தாறு வருஷக் கல்யாணம்.

எல்லோரும் கீழே இறங்க, நாங்கள் மட்டும் மேலே போனோம். ஒவ்வொரு கேட்டாக நான் எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினாள். திறந்த கேட், வெள்ளைத் துண்டு. திறந்த கேட், வெள்ளைத் துண்டு. ஒரு வீட்டில் துண்டு கிடைக்கவில்லையோ என்னவோ, உள்ளாடை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். "வெள்ளைதானே, போதும்" என்றாள். அவள் கண் சாலையில் இல்லை, மேலேயே இருந்தது. புகை தடித்துக்கொண்டே வந்தது. விளக்கைப் போட்டும் மூன்று மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ பக்கத்தில் மரம் வெடிக்கிற சத்தம். 

உச்சிக்கு வந்தோம். ஹார்லன் வீட்டுக் கேட்டில், புத்தம்புது வெள்ளைத் துண்டு.

வெல்டா பிரேக்கை மிதித்தாள். "கட்டியிருக்கானா?"

"கட்டியிருக்கார் மிஸ் வெல்டா! கண்ணால பாக்கறீங்கல்ல. வாங்க, போயிடலாம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் சொன்னதை அந்த ஆளு கேட்டது இதான்டா முதல் தடவை" என்றாள். குரல் ஒரு மாதிரி இளகியிருந்தது. எனக்குக்கூட ஹார்லன்மேல் மரியாதை வந்தது. அவள் பஸ்ஸைத் திருப்ப ஆரம்பித்தாள். பாதி திருப்பியவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நிறுத்தினாள்.

"டென்னி. கேட் ஏன் மூடியிருக்கு?"

"மறந்திருப்பார்."

"சங்கிலி எந்தப் பக்கம் மாட்டியிருக்கு, பாரு."

பார்த்தேன். உள்பக்கம்.

"உள்பக்கம் கொக்கியை மாட்டிட்டு ஒருத்தன் எப்படிடா வெளியே போவான்? பறந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் பின்னாலேயே பாய்ந்தது. கேட் ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தன. பள்ளிக்கூட பஸ்ஸை அவள் அந்த வேகத்தில் பின்னோக்கி ஓட்டுவாள் என்று தெரிந்திருந்தால் எங்கள் அப்பா அம்மா எங்களை நடத்தியே அனுப்பியிருப்பார்கள்.

லாயத்துக்குப் பக்கத்தில், வைக்கோல் ஏற்றுகிற மண்மேட்டில், டிரெய்லர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹார்லன் நின்றிருந்தான். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு செனட்டர். ஹார்லன் முகமெல்லாம் கரி, சட்டை முழுக்க வியர்வை. எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த தொப்பியைத் தரையில் அடித்தான்.

"உன்னை யாருடீ வரச் சொன்னது? துண்டு கட்டியிருக்கேன்ல? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"துண்டும் தெரிஞ்சுது, சங்கிலியும் தெரிஞ்சுது. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு ஆளு! போகலைன்னா போகலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குய்யா துண்டு?"

அவனுக்கு இருமல் வந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினான்.

"காலையிலேர்ந்து இழுக்கிறேன், ஏற மாட்டேங்குறான். இவனை விட்டுட்டு நான் வர மாட்டேன். நான் வரலைன்னா நீ போக மாட்டே. துண்டைப் பாத்தாலாவது நீ போயிடுவேன்னுதான் கட்டினேன். போயிரு வெல்டா. கெஞ்சிக் கேக்கறேன், போயிரு."

  வெல்டா கிட்டே போய் அவன் தோளில் கையை ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு என்மேல அக்கறை பொங்குதா? நல்ல நேரம் பாத்தேய்யா! என்னை அனுப்பிட்டு இங்க கழுதையோட சேந்து கருகலாம்னு பாத்தியா?"

"மிச்சத்தை பஸ்ஸுல பேசிக்கலாமே" என்றேன் நான். மண்மேட்டுக்கு மேலே காட்டுக்குள் ஆரஞ்சு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. "செனட்டர் மேல போன் நம்பரை பெயின்ட்ல எழுதி அவுத்து விட்டுடலாம். எல்லாரும் அதைத்தானே பண்றாங்க. தானா ஓடிப் பிழைச்சுக்கும்."

"இவன் ஓட மாட்டான்டா. கிழவன். நேரா லாயத்துக்கே திரும்பி வந்து நிப்பான்" என்றான் ஹார்லன். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டான். "வெஸ்லி வளத்த உயிரு."

அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வெல்டா செனட்டரைப் பார்த்தாள். முழுசாக, முகத்துக்கு நேராகப் பார்த்தாள். அப்புறம் பஸ்ஸுக்கு ஓடினாள். மண்மேட்டோடு ஒட்டினாற்போல பின்பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அவசரக் கதவைத் திறந்தாள்.

"டென்னி! பெட்டியெல்லாம் வெளியே தள்ளு!"

"எல்லாம்னா?"

"கழுதைக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவும்! எல்லாத்தையும்!"

மொத்தச் சாலையும் கட்டிக் கொடுத்த பெட்டிகள். நானும் அவளும் ஆளுக்கொன்றாக இழுத்து மேட்டுச் சரிவில் உருட்டினோம். ராக்ஸியின் அம்மா போர்வையும் அதில் போயிருக்கும். எது யாருடையது என்று பார்க்க நேரமில்லை, எல்லாம் ஒரே நிறம். பின்பாதி காலியானதும் அவள் எல்லா விளக்கையும் போட்டாள், முன்கதவைத் திறந்து வைத்தாள். பின்னாலிருந்து பார்த்தால் முன்கண்ணாடி வரைக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது. நடைவழியில் நின்றுகொண்டு அவள் ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த குரல்.

"செனட்டர்! உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா? ஏறு! வாயை மூடிக்கிட்டு நேரா நட! ஏறுங்கறேன்ல!"

அந்தக் குரலுக்கு நான் என்னையறியாமல் ஒரு சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். செனட்டர் காதை நிமிர்த்தியது. ஒரு காலை வைத்தது. முகர்ந்தது. அப்புறம், என்னமோ தினமும் இதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறதைப் போல, நிதானமாக ஏறி வந்து என் தோளுக்கு மேல் தலையை நீட்டி நின்றுகொண்டது.

ஆனால் ஹார்லன் ஏறவில்லை. சரிவில் கிடந்த பெட்டிகளையே வெறித்துக்கொண்டு நின்றான்.

"வெல்டா. அவன் எங்கே? வெஸ்லி எங்கே?"

"எந்தப் பெட்டியோ."

"இதுலயா? இத்தனை வருஷம் வீட்டுல வச்சிருந்த அஸ்தியை இதுலயா வச்சே?"

"என் பெட்டியில. எது என் பெட்டின்னு இப்ப எனக்கே தெரியாது. ஏறுய்யா."

அவன் சரிவில் குதித்துவிட்டான். முட்டிபோட்டு ஒவ்வொரு மூடியாகப் பிய்த்து எறிந்தான். யாருடையதோ போட்டோக்கள், யாருடையதோ குழந்தைச் செருப்பு, எல்லாம் மண்ணில் கொட்டின. பொறிகள் விழ ஆரம்பித்திருந்தன. ஒரு பெட்டியின் மூடி உருகி உள்வாங்கியது. "ஹார்லன்! வாங்க!" என்று நான் கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை. அழுதுகொண்டே தோண்டினான்.

வெல்டா இறங்கிப் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"விடுய்யா. அவனை ஒரு தடவை எரிச்சாச்சு. இன்னொரு தடவை எரிஞ்சா அவனுக்கு ஒண்ணும் ஆயிடாது. உன்னை இன்னும் எரிக்கல. ஏறு!"

அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். எழுந்தான். அவள் அவனை இழுத்துக்கொண்டு வந்து பின்கதவு வழியாகத் தள்ளினாள். அவள் முகத்தையும் பார்த்தேன், கன்னம் முழுக்க ஈரம், அதன்மேல் கரி.

இறங்கி வந்த வழியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள் இரண்டு பக்கமும் அனல் அடித்தது. செனட்டர் என் சட்டையில் எச்சிலை விட்டது, பின்பக்கம் வேறொன்றையும் விட்டது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "டென்னி, ஜன்னல் பக்கம்!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. அவளுக்கு முதுகில் கண்.

அடிவாரச் சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "மேல யாராவது இருக்காங்களா? உள்ள எத்தனை பேரு?"

"மேல யாரும் இல்ல. உள்ள மூணு பேரு, ஒரு செனட்டர்" என்றாள். அவர் ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார்.

ஊர்ச் சந்தை மைதானத்தில்தான் எல்லோரையும் தங்கவைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் சேதி வந்தது. சாலையின் மேல்பாதி போய்விட்டது. ஹார்லன் வீடும் வெல்டா வீடும் போய்விட்டன. கீழ்ப்பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீடு நிற்கிறது, புல்லில் வைத்த பௌலிங் கோப்பைகள்கூட நிற்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் ஏற்றிய போர்வைதான் எரிந்துவிட்டது. இதை ராக்ஸியிடம் சொல்ல வேண்டிய ஆள் நான். சொன்னேன். அவள் எழுந்து நேராக வெல்டாவிடம் போனாள். பெட்டி போன மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"ஒரு கழுதைக்காகவா? எங்கம்மா ஒரு வருஷம் உக்காந்து தைச்சது! நீங்கதானே பெட்டியைக் குடுங்க, பத்திரமா வச்சுக்கறேன்னு வாங்கிட்டுப் போனீங்க! கேவலம் ஒரு கழுதைக்காகத் தூக்கிப் போட்டீங்களா?"

"ஒரு கழுதைக்காக இல்ல. ரெண்டு கழுதைக்காக" என்று வெல்டா தூரத்தில் செனட்டருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஹார்லனைக் காட்டினாள். "தப்புதான். திட்டு. திட்டி முடிச்சதும் சொல்லு." திரும்பி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பெட்டிகளோடு பெட்டியாக என்ன போயிற்று என்று அவள் சொல்லமாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன். சரிவில் நடந்ததையும் அவள் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். கூட்டம் கலைந்தது. ராக்ஸி கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு கோப்பையில் காபி வாங்கி வந்து என் கையில் திணித்தாள். "கொண்டு போய்க் குடு. நான் போனா அழுதுடுவேன்."

வெல்டா நடைவழியில் சாணியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காபியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள்.  யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா மிஸ் வெல்டா?"

"இருக்காதாடா? வயிறெல்லாம் எரியுது." ஒரு வாய் குடித்தாள். "ஆனா அவன் எப்படிச் சிரிப்பான்னு தெரிஞ்சவங்க இந்த உலகத்துல நாங்க ரெண்டே பேரு. இந்த ஆளும் போயிட்டா, அவனைப் பத்தி நான் யார்கிட்டடா போய்க் கேப்பேன்? சாம்பல்கிட்டயா?"

"நீங்க ரெண்டு பேரும் அவனைப் பத்திப் பேசி நான் பாத்ததே இல்லையே."

"பேசினதில்லதான்" என்றாள்.

இன்னொரு கோப்பை என் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். மைதானத்தைக் கடந்து போய், ஹார்லன் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கோப்பையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அப்புறம் அவள் குரல் கேட்டது.

"ஏய்யா, ஒரு நாள் ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சு என் பஸ்ஸுல ஏறிட்டானே, அது அவன் எத்தனாவது படிக்கறப்போ?"

ஹார்லன் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தான். "மூணாவது" என்றான்.

"நாலாவதுய்யா."

"மூணாவதுடீ. அந்த வருஷந்தான் அவனுக்கு முன்பல்லு விழுந்துச்சு."

"பல்லு விழுந்தது அதுக்கு முன்னாடியே. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போன எங்கள் சாலைக்காரர்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.